ஏரியில தண்ணி நின்னா சிப்பி தானா வருமா?

குடியாத்தம் வாசகர், 13 ஏப்ரல் 2025, மாலை 6.40

எங்க ஊர் ஏரியில வண்டல் எடுக்கறாங்க. டிராக்டர்ல கொட்டுன மண்ணு முழுக்க சிப்பி. உள்ளங்கை அகலம், கருப்பா, சிலது உயிரோட வாய் மூடிகினு கீது. பையன் பாவமா இருக்குன்றான். மழை வந்து ஏரி ரொம்பினா சிப்பி தானா வந்துடும், கவலைப்படாதேன்னு சொன்னேன். மானுக்கும் மயிலுக்கும் சரணாலயம் வெச்சா சரி, சிப்பிக்கெல்லாம் எதுக்குப் பாதுகாப்பு? நான் சொன்னது சரியா தப்பா?

13 ஏப்ரல், இரவு 10.15

தானா வராது. பையன் பக்கம்தான் நியாயம்.

தவளை தத்தி வந்துவிடும், கொக்கு பறந்து வரும். சிப்பிக்கு ஒரே வண்டிதான், மீன். தாய்ச் சிப்பி முட்டைகளைத் தன் செவுளுக்குள் வைத்தே வளர்க்கிறது. வெளியே விடும் குஞ்சுக்குக் குளோக்கிடியம் என்று பெயர், வெறுங்கண்ணுக்குத் தெரிந்தாலும் தூசி மாதிரிதான். அது போகிற மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விப் பிடிக்க வேண்டும். அங்கேயே சில நாளோ சில வாரமோ ஒட்டியிருந்து, குட்டிச் சிப்பியாக உருமாறி, பிறகு அடிமண்ணில் உதிர வேண்டும். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகும். ஒத்துவராத மீனில் ஏறினாலும் அந்த மீனின் உடம்பே அதை உதறித் தள்ளிவிடும். எந்த மீன் ஒத்துவரும் என்பது சிப்பிக்குச் சிப்பி மாறும்.

ஆக, ஏரி ரொம்பினால் மட்டும் போதாது. மேல் ஏரியில் சிப்பி இருக்கணும், அங்கிருந்து வரத்துக் கால்வாய் வழியா சரியான மீன் இறங்கணும், வந்து சேர்ந்த இடத்தில் புதைந்துகொள்ள மண் இருக்கணும். உங்கள் பக்கம் எத்தனை வரத்துக் கால்வாய் திறந்திருக்கிறது?

14 ஏப்ரல், காலை 7.05

"ரெண்டு வருஷம் முன்னாடியும் ஏரி காஞ்சுது, மழைக்கப்புறம் சிப்பி இருந்துதே" என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்திருக்கும். அது புதுசா வந்த சிப்பி இல்லை, அங்கேயே இருந்த சிப்பி. தண்ணீர் வற்ற வற்ற சேற்றுக்குள் இறங்கி, ஓடுகளை இறுக்க மூடிக்கொண்டு, ஈரம் இருக்கும்வரை மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் ஏறினதும் வாயைத் திறக்கும். பார்க்கிறவர்களுக்கு "தானா வந்துச்சு".

இப்போது டிராக்டரில் போகிறது பாருங்கள், அது அப்படிப் புதைந்து காத்துக்கொண்டிருந்த கூட்டம்தான்.

14 ஏப்ரல், மதியம்

ஆற்காட்டுக்காரர் ஒருவர் மூன்று ஓடு படம் போட்டு மூன்றும் ஒன்றா என்கிறார். மூன்றும் வேறு.

நீளவாக்கில், மெல்லிசாக, கரும்பழுப்பாக இருப்பது லாமெல்லிடென்ஸ். நம் ஏரிகளில் பெரும்பாலும் இதுதான். சின்ன வயதில் இதைக் கருங்கல்லில் தேய்த்து ஓட்டை போட்டு மாங்காய்த் தோல் சீவுவோம். எங்கள் ஆயா பானை அடி சுரண்டவும் இதைத்தான் வைத்திருந்தது. இரண்டாவது, குட்டையா, தடியா, உச்சிப் பக்கம் வரிவரியாக மடிப்பு இருப்பது பாரேசியா வகை. மூன்றாவது நகம் அளவு, முக்கோணம், வளைய வளையமாக வரி. அது கார்பிகுலா. அதற்கு மீன் தேவையே இல்லை. இந்த இழையில் நான் புலம்புவதெல்லாம் முதல் இரண்டுக்காக.

19 ஏப்ரல், இரவு 11.40

சரணாலயம் எதுக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். ரெண்டு நாளா சட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்ததில் தூக்கம் போச்சு.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓடுள்ள உயிர்கள் இருக்கின்றன. ராட்சத மட்டி இருக்கிறது, நாட்டிலஸ் இருக்கிறது, சில கடல் சங்குகள் இருக்கின்றன. எல்லாம் உப்புத் தண்ணீர். ஏரிச் சிப்பிக்கு இடமில்லை. சரி, உயிருக்கு இல்லாவிட்டால் இடத்துக்காவது பாதுகாப்பு உண்டா என்று 2017 ஈரநிலப் பாதுகாப்பு விதிகளை எடுத்தேன். ஈரநிலம் எது என்று சொல்லும் முதல் பத்தியிலேயே சிலவற்றைக் கழித்துவிடுகிறார்கள். ஆற்றுப் பாதை ஈரநிலம் இல்லை. நெல் வயல் இல்லை. குடிநீருக்காக மனிதன் வெட்டியது இல்லை. மீன் வளர்ப்பு, உப்பளம், பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்காகக் கட்டியதும் இல்லை.

இப்போது வட ஆற்காடு வரைபடத்தை எடுத்து வையுங்கள். பாலாறு, பொன்னையாறு, கவுண்டன்யா, செய்யாறு எல்லாம் ஆற்றுப் பாதை. மிச்சம் இருக்கும் தண்ணீர் முழுக்கப் பாசன ஏரி. சிப்பி வாழும் இடம் எது எதுவோ அதை மட்டும் பார்த்துப் பார்த்து வெளியே நிறுத்தியிருக்கிறது அந்தப் பத்தி.

மகேந்திரவாடி ஏரியை மகேந்திரவர்ம பல்லவன் வெட்டினான், அங்கே இருக்கும் குடைவரைக் கல்வெட்டே மகேந்திர தடாகம் என்கிறது. ஏழாம் நூற்றாண்டு. ஆயிரத்து நானூறு வருஷம் ஊறிய தண்ணீரும் விதிப்படி "கட்டப்பட்டது", அதனால் ஈரநிலம் இல்லை.

20 ஏப்ரல், காலை

"2007-ல வந்த ஏரி பாதுகாப்புச் சட்டம் இருக்கே?" இருக்கு. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். எல்லைக் கல் நடுவார்கள், வீடு கட்டினால் இடிப்பார்கள். அது காப்பாற்றுவது ஏரியின் சர்வே நம்பரை. எல்லைக்குள் உயிரோடு என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

20 ஏப்ரல், மாலை

வேலூர் கோட்டை அகழியைச் சொன்னவருக்கு: ஆமாம், தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், வருஷம் முழுக்கத் தண்ணீர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதுகாப்பு கல்லுக்குத்தான். சீர்மிகு நகரத் திட்டத்தில் அகழியைத் தூர்வாரியபோது சேற்றில் என்ன இருந்தது என்று பட்டியல் போட யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் அதில் ஆயிரக்கணக்கில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஊரே கதை சொல்லும். முதலைக்குக் கதை உண்டு. சிப்பிக்கு அதுவும் இல்லை.

அமிர்தி பூங்காவில் ஒரு தொட்டி வைக்கலாம் என்ற யோசனைக்கு என் ஓட்டு உண்டு. மான் பார்க்க வருகிற பிள்ளைகள் தொட்டியைப் பார்த்து "கல்லு வெச்சிகிறாங்க" என்று போய்விடும், அது வேறு.

27 ஏப்ரல், இரவு 9.30

அரக்கோணம் நண்பர் நல்ல இடத்தில் பிடித்தார். "வேடந்தாங்கல் பாசன ஏரிதானே? அது சரணாலயம் ஆகலையா?"

ஆனது. வழி அடைபட்டிருப்பது ஈரநில விதிகளில்தான், வன உயிரினச் சட்டத்தில் இல்லை. பாசன ஏரியையும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கலாம். வேடந்தாங்கல் மக்கள் பறவையைச் சுடக்கூடாது என்று 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுதி வாங்கினவர்கள். ஏரித் தண்ணீரில் எச்சம் கலந்தால் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூரில் ஊர்க்காரர்கள் மருத மரத்துப் பறவைகளைப் பார்த்துக்கொண்டதால் 2005-ல் அது பாதுகாப்புக் காப்பகம் ஆனது, அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. வழி இருக்கிறது. ஆனால் வழியைத் திறந்தது எப்போதும் இறக்கை உள்ளதுதான்.

இதில் எனக்குப் பிடித்த கூத்து நத்தை குத்தி நாரை. நம் ஏரிகளில் தண்ணீர் இறங்கும் காலத்தில் கூட்டமாக நிற்கும், அலகு நடுவில் இடைவெளி விட்டிருக்கும். நத்தைதான் பிரதானம், சிப்பியும் தின்னும். தின்னுகிற நாரை சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, அதன் சாப்பாடு இல்லை.

28 ஏப்ரல்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்ப நாரையைக் காட்டியே சிப்பியைக் காப்பாத்திடலாம்" என்கிறார். பாதிதான் சரி. நாரைக்கு மரமும் இரையும் இருந்தால் போதும். ஏரியின் அடியை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, நடுவில் தீவு போல மண்ணைக் குவித்து மரம் நட்டாலும் பறவை வந்து உட்காரும், படம் அழகா வரும். சிப்பிக்கு வேண்டியது அந்தச் சுரண்டாத அடி.

11 மே, இரவு

இன்று காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் ஒரு ஏரிக்குப் போனேன். பேர் வேண்டாம், இருக்கிற நல்ல உறவு கெடும். ஜேசிபி இரண்டு, டிராக்டர் வரிசை. 2024-லிருந்து தாசில்தார் அளவிலேயே வண்டலுக்கு அனுமதி கிடைக்கிறது, விவசாயிக்கும் மண்பாண்டம் செய்கிறவர்களுக்கும் இலவசம். முன்னால் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஏரி உள்வாய் முழுக்க வெடித்துக் கிடந்தது. மதகுக்கு முன்னால் மட்டும் ஒரு பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சேற்றில் கோடு கோடாக இழுத்த தடம். புழு போன தடம் என்று நினைப்பார்கள். சிப்பி நகர்ந்த தடம் அது. தண்ணீர் பின்வாங்க, அதன் பின்னாலேயே காலை நீட்டி நீட்டி நகர்ந்து வந்திருக்கிறது. சிலது பாதி வழியில் நின்றுவிட்டது, அதுகள் வாய் பிளந்து வெள்ளையாகக் கிடந்தன. கோட்டின் முனையில் தோண்டினால் உயிருள்ளது. ஏரியில் மிச்சமிருந்த சிப்பியில் பெரும்பங்கு அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான் இருந்தது.

ஜேசிபி வேலை செய்துகொண்டிருந்ததும் அங்கேதான். ஏன் என்று கேட்டேன்.

"மேல் பக்கம் மண்ணு கெட்டியா கீது சார். இங்க ஈரமா கீது, பக்கெட்டு சுளுவா எறங்குது" என்றார் ஓட்டுநர்.

வண்டல் ஏற்ற வந்த ஒரு பெரியவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "இன்னாத்துக்கு சிப்பியப் பொறுக்கினு கீற? முத்து எடுக்கவா?" இல்லை தாத்தா, பள்ளத்தில் திருப்பி விடத்தான் என்றேன். "வுட்டுடு, வுட்டுடு. நெலத்துல போனா சுண்ணாம்புச் சத்து." அவர் சொன்னதும் பொய் இல்லை. ஓடு கால்சியம்தான், மக்க வருஷக்கணக்காகும் என்றாலும்.

உயிருள்ளதை எடுத்துப் பள்ளத்தின் மறு கரையில் விட்டேன். ஜேசிபி அங்கேயும் வரும்.

12 மே, காலை

ராத்திரி எழுதியதைப் படித்தால் வண்டல் எடுப்பதே பாவம் என்கிற தொனி வருகிறது. அது என் கட்சி இல்லை. தூர்வாராத ஏரி சீமைக் கருவேலங் காடாகி, தண்ணீர் ஒரு மாசம்கூட நிற்காமல் போன கதை நம் பக்கம் ஏராளம். அங்கே சிப்பியும் இல்லை, பாசனமும் இல்லை. முன்காலத்தில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு எடுத்தபோதும் வண்டல் எடுத்தார்கள்தானே? ஒரே கோடையில் மொத்த உள்வாயையும் சுரண்ட அந்தக் கைகளால் முடியாது, அதனால் ஏதோ ஒரு மூலை எப்போதும் தப்பித்தது. இயந்திரம் வந்ததும் அந்த மூலை போய்விட்டது. பிரச்சினை அந்த மூலைதான்.

அந்த மூலையைத் தெரிந்தே விட்டுவைக்க வேண்டும். மதகடிப் பள்ளமும் அதைச் சுற்றி ஒரு பட்டையும். வண்டல் அதிகம் படிவது தண்ணீர் உள்ளே வரும் வாய்ப் பக்கம், அதை முதலில் எடுக்கட்டும். விவசாயிக்குக் குறையாது.

12 மே, பின்குறிப்பு

பொறுக்கி விட நினைக்கும் பிள்ளைகளுக்கு: ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். வெயிலில் சூடான பக்கெட் தண்ணீரில் போட்டால் மூச்சு முட்டிச் சாகும். அதே ஏரியில் விடுங்கள், வேறு ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தூக்கி எறியாமல் சேற்றில் பாதி செருகி விடுங்கள்.

1 ஜூன், இரவு 10 மணி

"அமெரிக்காவில் இதுக்கெல்லாம் தனித் துறையே இருக்காமே" என்று பெங்களூரிலிருந்து ஒரு குரல். இருக்கிறது, ஏன் வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

வட அமெரிக்காவில் நன்னீர்ச் சிப்பி சுமார் 300 வகை. மூன்றில் இரண்டு பங்கு ஆபத்தில். 1891-ல் ஜான் போப்பிள் என்ற ஜெர்மானியர் அயோவா மாநிலத்து மஸ்கடைன் ஊரில் ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்யத் தொடங்கினார். கொஞ்ச காலத்தில் மிசிசிப்பிக் கரையெங்கும் பட்டறை. ஓட்டில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு எடுத்துவிட்டு மிச்சத்தைக் குன்றாகக் குவித்தார்கள். கடைசியில் அந்தத் தொழிலை முடித்துவைத்தது பிளாஸ்டிக் பொத்தான். அதற்குள் அணைகள் வந்துவிட்டன. அணை மீனை மறித்தது, மீன் வராத இடத்தில் கிழட்டுச் சிப்பி மட்டும் பிள்ளை இல்லாமல் உட்கார்ந்திருந்தது. 2023 அக்டோபரில் 21 உயிரினங்களை அற்றுப்போனதாகப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், அதில் எட்டு நன்னீர்ச் சிப்பி.

அங்கே இப்போது ஆபத்துப் பட்டியலில் உள்ள சிப்பி இருக்கும் ஆற்றில் பாலம் கட்ட வேண்டுமென்றால் முதலில் ஆள் இறங்கித் தேடி, இடம் மாற்றி, பிறகுதான் தூண். ஐரோப்பாவில் முத்துச் சிப்பி ஒன்று, நூறு வயதைத் தாண்டி வாழும். ஸ்காட்லாந்தில் 1998 முதல் அதைப் பிடிக்கத் தடை. அதன் குஞ்சு ஏறுவது சால்மனிலும் டிரவுட்டிலும். அதனால் தடை போட்டதோடு முடியவில்லை, மீன் ஏறும் வழியையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: பாதுகாக்கப்பட்ட பகுதி என்று ஆற்றின் ஒரு துண்டுக்கு வேலி போட்டால் சிப்பி பிழைக்காது. மேலே இருந்து வரும் மண்ணும் கழிவும் வேலியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

2 ஜூன்

"லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் ஐ.யூ.சி.என். (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் கவலை குறைந்த வகை. எதுக்கு இவ்ளோ ஒப்பாரி?"

உண்மை. இந்தியா முழுக்கப் பரவியிருக்கிற சிப்பி, நாளைக்கே அழியாது. வங்காளத்தில் ஒரு குளத்தில் நிறைய இருந்தால் குடியாத்தம் ஏரித் தண்ணீர் தெளியுமா? ஒவ்வொரு பெரிய சிப்பியும் நாளெல்லாம் தண்ணீரை உறிஞ்சி, பாசியையும் தூசியையும் வடிகட்டி வெளியே விடுகிறது. அந்த வேலை ஏரிக்கு ஏரி நடக்க வேண்டியது. பட்டியல் பார்ப்பது மொத்தச் சிப்பி வகையை, என் கவலை ஊர் ஏரியை.

6 ஜூலை, மாலை

பேச்சு முத்து வளர்ப்புக்குத் திரும்பிவிட்டது, எதிர்பார்த்ததுதான். "வீட்டு மொட்டை மாடியில் முத்து, லட்சத்தில் வருமானம்" வீடியோக்களை என் தம்பியும் அனுப்பிவிட்டான்.

புவனேஸ்வர் பக்கம் கௌசல்யாகங்காவில் மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே முறையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். சிப்பியை லேசாகத் திறந்து, சதை மடிப்புக்குள் அச்சு வைத்து, ஒன்று ஒன்றரை வருஷம் தண்ணீரில் தொங்கவிட்டால் அச்சின் மேல் முத்துப் பூச்சு ஏறும். பயன்படுவது இதே லாமெல்லிடென்ஸ்தான். அறிவியல் சரி. ஆனால் வீடியோ பார்த்துத் தொடங்குகிறவர் சிப்பியை எங்கே வாங்குவார்? ஏரியில் பொறுக்குகிறவரிடம். பெரியதாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள், பெரியது என்றால் குஞ்சு விடும் வயதில் உள்ளது. கைப்பழக்கம் இல்லாதவர் அச்சு வைத்ததில் பாதி செத்தால், மறுபடியும் ஏரி.

தம்பிக்கு மாடு வாங்கச் சொல்லிப் பதில் போட்டேன்.

20 ஜூலை

பாலாற்றுச் சிப்பியைச் சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எடுத்தது வேண்டாம், தோல் ஆலைக் கழிவு கலந்த பகுதி அது. சிப்பி வடிகட்டி உண்ணும் உயிர், தண்ணீரில் உள்ள கன உலோகத்தை உடம்பில் சேர்த்துவைக்கும். அதனால்தான் உலகம் முழுக்க மாசு அளக்கச் சிப்பியைச் சோதிக்கிறார்கள்.

சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்பதால் சொல்கிறேன், நான் படித்தது விலங்கியல், சம்பளம் வாங்குவது தோல் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில். என் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் தோலில் இருந்துதான் போகிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியது, இன்றைக்கு நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள். 2025 ஜனவரி 30-ல் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் ஓடிய 28 வருஷத்தைப் பற்றி எங்கள் ஆபீசில் டீ நேரத்தில் யாரும் பேசமாட்டோம். பொது சுத்திகரிப்பு நிலையம் வந்தது, முன்னைக்கு இப்போது மாற்றம் உண்டு என்பதும் உண்மை. ஆற்றின் அடியில் படிந்தது அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை. சிப்பி வாழ்வது அடியில்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

நம் தண்ணீருக்கு மேல்பக்கம் உண்மையிலேயே ஒரு சரணாலயம் இருக்கிறது, யாரும் இதுவரை சொல்லவில்லை. ஆந்திரப் பக்கம் பலமநேர், குப்பம் காடுகளில் கவுண்டன்யா வன உயிரினச் சரணாலயம், 1990-ல் யானைக்காக அறிவித்தது. நமக்கு அது தெரிவது யானை இறங்கிப் பேரணாம்பட்டுப் பக்கம் நெல்லையும் மாந்தோப்பையும் மிதிக்கும்போது மட்டும். அந்தக் காட்டு வழியாக வரும் கவுண்டன்யா ஆறுதான் மோர்தானா அணைக்கு வந்து, குடியாத்தம் ஊருக்குள் புகுந்து, பாலாற்றில் சேர்கிறது.

யானையைக் காப்பாற்ற மரத்தை வெட்டாமல் விட்டதால் காட்டுக்குள் ஓடும் ஆற்றில் மண் அரிப்பு குறைவு. சிப்பிக்கு வேண்டியதில் ஒன்று கேட்காமலே கிடைத்திருக்கிறது. குறுக்கே மோர்தானா நிற்கிறது. அணை நிரம்பிக் கோடி போகும் வருஷத்தில் மீன் கீழே வரும், குஞ்சும் அதன் செவுளில் தொற்றிக்கொண்டு வரலாம். கீழிருந்து மேலே ஒன்றும் ஏறாது. 2021 நவம்பர் வெள்ளத்தில் அணை நிரம்பிக் கவுண்டன்யா குடியாத்தத்துக்குள் ஓடியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட வெள்ளத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகிறது. அந்தச் சில வாரத்தில் கீழ் ஏரிகளின் வரத்துக் கால்வாய் திறந்திருந்ததா என்பதுதான் கணக்கு.

ஆகவே முதல் கேள்விக்காரரே, உங்கள் "தானா வரும்" வாதத்தில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். வெள்ளமும் வேண்டும், கால்வாயும் வேண்டும், மேலே ஒரு காடும் வேண்டும்.

18 ஆகஸ்ட்

பாலாற்றில் ஆந்திரா கட்டிய தடுப்பணைகளைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம். கணேசபுரத்தில் ஆந்திரா அணை கட்டுவதை எதிர்த்துத் தமிழ்நாடு போட்ட வழக்கு 2006-லிருந்து நடக்கிறது, நாம் இரண்டு பக்கம் எழுதி அது முடியாது.

21 செப்டம்பர், இரவு

உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு. சரணாலய அறிவிப்பு கேட்டு மனு போடாதீர்கள், அது சென்னைக் கோட்டையிலேயே தூங்கும். பஞ்சாயத்தில் தொடங்குங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பெரும்பாலான ஊரில் பதிவேடு அலமாரியில் இருக்கும், வேப்பமரம், ஆடு, மாடு, மயில் என்று எழுதியிருக்கும். அதில் ஏரிச் சிப்பியை, ஏரியின் பேரோடு, எந்த மதகுப் பக்கம் என்பதோடு ஏற்றச் சொல்லுங்கள். இதே சட்டத்தில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அறிவிக்கவும் வழி இருக்கிறது, மதுரை அரிட்டாபட்டி 2022-ல் அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. அது பிறகு. முதலில் எழுத்தில் சிப்பி இருக்கட்டும். எழுத்தில் இல்லாததை ஜேசிபி ஓட்டுநரிடம் காட்ட முடியாது.

ஏரி யாருடையது என்றும் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். சின்ன ஏரி என்றால் பேச்சு சுலபம்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன். சிரித்தார். பிறகு, "வெத்தல பாக்கு வெச்சி சிப்பிக்கு ஒரு பொங்கல் வெச்சுடலாமா?" என்றார். அதற்குப் பிறகு செயலரைக் கூப்பிட்டுப் பதிவேட்டை எடுக்கச் சொன்னார். இப்போது அதில் மயிலுக்குக் கீழே, நத்தைக்கு மேலே, கைப்பட எழுதிய ஒரு வரி இருக்கிறது.

22 செப்டம்பர்

மீன் குத்தகைக்காரர்களை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று கே.வி.குப்பம் நண்பர் சொல்வது சரியான அடி. குத்தகை முடியும்போது மோட்டார் வைத்து மிச்சத் தண்ணீரையும் இறைத்து மீனை அள்ளுகிறார்கள், மதகடிப் பள்ளம் அன்றைக்கே காலி. விடுவதும் கட்லா, ரோகு, மிர்கால். சிலேபி தானாகப் பெருகுகிறது. கெண்டைப் பொடியும் உளுவையும் அயிரையும் குறைந்துகொண்டே போகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே தடை செய்தும் குளத்துக்குக் குளம் கள்ளத்தனமாக விடுகிறார்கள், அது எந்தச் சின்ன மீனையும் விட்டுவைக்காது. நாட்டு மீன் போனால் சிப்பிக்கு வண்டி போச்சு.

ஏல நிபந்தனையில் "கடைசித் தண்ணீரை இறைக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்க்கலாம். ஏலத்தொகை குறையும் என்று தலைவர் தலையைச் சொறிகிறார். குறையத்தான் செய்யும். அதை யார் ஈடுகட்டுவது என்பதற்கு என்னிடம் பதிலும் இல்லை, பணமும் இல்லை.

9 நவம்பர், இரவு

அடுத்த கோடை வண்டலுக்கு மதகடியை விட்டுவிட ஓட்டுநர்களுக்குச் சொல்லலாம் என்று தலைவர் ஒத்துக்கொண்டார், எழுத்தில் இல்லை, வாய்ப்பேச்சு. குத்தகை நிபந்தனை ஆகவில்லை. அடுத்த ஏலம் வரும்போது மறுபடி கேட்பேன்.

உங்கள் ஏரிச் சிப்பியைப் படம் அனுப்புகிறவர்கள் காலி ஓடாகப் பார்த்து எடுங்கள். வெளிப்பக்கம் ஒரு படம், உள்பக்கம் கீல் பல் (இரண்டு ஓடும் சேரும் இடத்துப் பல்) தெரிகிற மாதிரி இன்னொன்று, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம். உள்பக்கப் படம் இல்லாமல் வகை சொல்ல முடியாது. எந்த ஏரி, மதகுப் பக்கமா வாய்ப் பக்கமா என்றும் எழுதுங்கள்.

10 நவம்பர், காலை

நேற்று ராத்திரியே படம் அனுப்பி "இதில் ஆண் எது, பெண் எது" என்று கேட்ட திருவலம் அண்ணாவுக்கு: இடது பக்கம் இருப்பது நத்தை.